தண்ணீர் நிறம் மாறினால் யாரிடம் சொல்வது?

மேட்டூர் அணைக்கு வரத்து குறைந்து, தண்ணீர் அசையாமல் தேங்கிக் கிடக்கும் நாட்களில் நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் பச்சை ஏடு கட்டத் தொடங்குகிறது. முதலில் கரையை ஒட்டி மெல்லிய படலம். காற்று ஒரே பக்கமாக அடித்தால் அந்தப் பக்கத்துக் கரையெல்லாம் கெட்டிப் பச்சை. வெயிலில் அது அழுகும்போது கிளம்பும் நாற்றம் பண்ணவாடி, கோட்டையூர் என்று கரையோர ஊர்களுக்குள் புகுந்துவிடும். பத்திரிகையில் படம் வரும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். ‘திறன்மிகு நுண்ணுயிர்’க் கரைசலைக் கொண்டுவந்து தெளிப்பார்கள். நாற்றம் கொஞ்சம் அடங்கும். மேலிருந்து புதுத் தண்ணீர் இறங்கியதும் பேச்சும் அடங்கிவிடும். அடுத்த முறை வரத்து குறையும்போது மறுபடியும் அதே பச்சை, அதே நாற்றம், அதே தெளிப்பு.

இந்தப் பச்சையை முதலில் பார்ப்பவர் விடியற்காலையில் பரிசலில் போய் வலையை இழுக்கிற மனிதர்தான். வலைக்கண்ணில் வழவழப்பு ஏறியிருப்பதும், தண்ணீருக்குள் பொடிப்பொடியாக ஏதோ மிதப்பதும் அவர் கைக்குத் தெரியும். படித்துறையில் துணி துவைக்கிறவருக்குத் தெரியும். மாடு தண்ணீரில் வாய் வைக்காமல் திரும்பினால் அதை ஓட்டி வந்தவருக்குத் தெரியும். பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி போய்ச் சேர்வதற்குப் பல நாள் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிற விஷயம் இது. ஆனால் ஊர் தெரிந்துகொண்டதை வாங்கி எழுதிக்கொள்ள ஒரு நோட்டு கிடையாது. எழுதினாலும் அதைப் பார்த்து மதகடியிலோ, குடிநீர் வாரியத்திலோ, கால்நடை மருத்துவமனையிலோ ஒருவர் எழுந்து வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அரை நூற்றாண்டாகப் பல நாடுகள் பாசிப் பெருக்கத்தோடு பட்ட பாட்டைப் படித்துப் பார்த்தால், ஏரிகள் பிழைத்ததும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் தீர்மானமாகியிருக்கிறது.

வயலுக்கு உரம், குடத்துக்கு நஞ்சு

இப்படி ஏடு கட்டும் நீலப்பச்சைப் பாசி நம் விவசாயிகளுக்குப் புதிய பெயரே அல்ல. நெல் வயலில் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் உயிர் உரமாக வேளாண் துறையே அதைப் பரிந்துரைக்கிறது. அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் அந்தக் குடும்பத்துப் பாசிதான். மாத்திரையாக விற்கும் சுருள்பாசியும் அதன் உறவு. உண்மையில் இவை பாசியும் அல்ல, சூரிய ஒளியில் உணவு சமைக்கும் பாக்டீரியாக்கள். உலகின் காற்றில் ஆக்சிஜன் நிறைந்ததே இவற்றின் முன்னோர்களால்தான்.

அந்தக் குடும்பத்தில் நஞ்சு சுரக்கிற சில இனங்களும் உண்டு. மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் நேராகக் கல்லீரலைத் தாக்கும். வேறு சில இனங்களின் நஞ்சு நரம்பைத் தாக்கும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் எல்.ஆர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது.

எங்கள் வீடுகளில் தண்ணீரைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் செய்வது காய்ச்சுவதுதான். இந்த நஞ்சுக்கு அது உதவாது. மைக்ரோசிஸ்டின் கொதிநிலையில் சிதையாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். தண்ணீரில் ஏற்கெனவே கரைந்துவிட்ட நஞ்சைச் சாதாரண வடிகட்டியின் பீங்கான் திரியும் பிடிக்காது. செயலூட்டப்பட்ட கரி, ஓசோன் போன்ற ஏற்பாடுகள் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தால்தான் நம்பலாம். ஆகவே பச்சை ஏடு கட்டிய தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் நாய்களையும் அந்த ஓரத்தில் இறங்க விடாதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் தண்ணீர் குடித்த கால்நடைகள் செத்து விழுந்ததை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் 1878-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை முதல் அபாயச் சங்கு பெரும்பாலும் வாயில்லா ஜீவன்களின் சாவுதான்.

பாம் தீவில் நடந்தது

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடற்கரைக்கு அப்பால் பாம் தீவு இருக்கிறது. பூர்வகுடி மக்கள் வாழும் தீவு. சாலமன் அணை என்ற சிறிய அணைதான் அவர்களுக்குக் குடிநீர். 1979-இல் அந்தத் தண்ணீரில் பாசி பெருகியது. தண்ணீர் நாறுகிறது, ருசி கெட்டுவிட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். முறையீடு கேட்கப்பட்டது. பாசியைக் கொல்ல அணையில் மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் குழந்தைகள் வாந்தியும் கல்லீரல் வீக்கமுமாக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். மொத்தம் 148 பேர்; அவர்களில் 138 பேர் குழந்தைகள். பாசி உயிரோடு இருந்தவரை நஞ்சின் பெரும்பகுதி அதன் உடலுக்குள் இருந்தது. மயில்துத்தம் அந்த உயிரணுக்களை வெடிக்க வைத்தது; உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டது.

இந்தச் சம்பவத்தை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் பாசி என்றதும் மயில்துத்தமோ பிளீச்சிங் பவுடரோ கைக்கு வந்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடுதான் போடுகிறார்கள். ஏடு கட்டி நிற்கும் குடிநீர்க் குளத்தில் அதைக் கொட்டுவது, மூடியிருக்கும் நஞ்சுக் குப்பிகளை ஒரே நேரத்தில் உடைத்துவிடுவதுதான். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் பயன்படுத்திய தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் கலந்திருந்ததால் 52 நோயாளிகள் உயிரிழந்தார்கள். தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் விட்டதன் விலை அது.

ஈரி ஏரி இரண்டு முறை கற்பித்த பாடம்

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோ நகரவாசிகள் தூங்கி எழுந்தபோது, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்ற அறிவிப்பு காத்திருந்தது. ஈரி ஏரியில் படர்ந்திருந்த பாசியைக் காற்று நகரத்தின் நீரெடுப்புக் குழாய் இருக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டது. சுத்திகரித்த தண்ணீரிலேயே மைக்ரோசிஸ்டின் வரம்பைத் தாண்டியிருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ஆகஸ்ட் 4 அன்றுதான் தடை விலகியது. உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றின் கரையில், காசுக்கும் கருவிக்கும் குறைவில்லாத நாட்டில் இது நடந்தது.

அதைவிட வேதனையான விஷயம், ஈரி ஏரி அதற்கு முன்பே ஒருமுறை காப்பாற்றப்பட்ட ஏரி. 1960-களில் அதைச் ‘செத்த ஏரி’ என்றே எழுதினார்கள். நகரக் கழிவுநீரும் சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டும்தான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. சோப்பு நிறுவனங்களின் தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை; பாசிக்குக் கார்பன்தான் உணவு என்று வாதாடியது. அந்த வாதத்தை முடித்து வைத்தது ஒரு பிளாஸ்டிக் திரை.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய சிறு ஏரிகள் பல இருக்கின்றன. அவற்றில் 226 என்ற எண் கொண்ட ஏரி, நடுவில் இடுப்பு சிறுத்த உருவம் உடையது. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடன் இருந்தவர்களும் அந்த இடுப்பில் குறுக்கே திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் முழுக்கப் பச்சையாகிப் போனது. திரைக்கு இந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர். மேலிருந்து எடுத்த அந்தப் படம் போதுமானதாக இருந்தது, புள்ளிவிவரம் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது.

1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஈரி உள்ளிட்ட பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஒப்பந்தம் போட்டிருந்தன. கழிவுநீர் நிலையங்கள் சீராகின, சலவைத்தூளில் பாஸ்பேட் குறைந்தது, ஈரி ஏரி பிழைத்துக்கொண்டது. 1990-களின் நடுவிலிருந்து பச்சை மறுபடியும் தலைதூக்கியது. இந்த முறை குழாய் வழியாக வந்த கழிவு குறைவு. வயல்களிலிருந்து வந்ததே அதிகம். ஈரியில் கலக்கும் மௌமி ஆறு சுமந்து வரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு உரமும் எருவும் போட்ட வயல்களிலிருந்து வடிந்து வருவது. மார்ச் முதல் ஜூலை வரை அந்த ஆறு எவ்வளவு பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்பதைப் பார்த்தே அந்த ஆண்டு பாசி எவ்வளவு வரும் என்று விஞ்ஞானிகள் முன்கூட்டிச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்து நாற்றம் வசந்தகால மழையில் வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த ஏரியைக் கண்காணிப்பவர்களில் சுற்றுலாப் பயணிகளை மீன் பிடிக்க அழைத்துப் போகும் படகோட்டிகளும் இருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோன் ஆய்வகம் அவர்களுக்கு மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுத்தது. எப்படியும் தினம் ஏரிக்குள் போகிறவர்கள். போகிற வழியில் குப்பியை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு இது தர்ம காரியம் மட்டும் இல்லை, பிழைப்பு. எந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாடிக்கையாளரை அங்கே கூட்டிப்போக முடியும்.

ஆனால் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கும் ஈரியே சாட்சி. 2025-க்குள் பாஸ்பரஸ் வரத்தை 40 சதவீதம் குறைப்போம் என்று ஒஹாயோவும் மிச்சிகனும் ஒண்டாரியோவும் உறுதி கொடுத்தன. ஒஹாயோ அந்த இலக்கை எட்டவில்லை. பொறுமையிழந்த டொலீடோ மக்கள் 2019 பிப்ரவரியில் ஏரிக்கே சட்ட உரிமை கொடுக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உரத்தை அளந்து போடவும், வடிகால் ஓரங்களில் புல்வெளி விடவும், சதுப்பு நிலங்களை மீட்கவும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை மாநில அரசு 2019-இல் தொடங்கியது. விருப்பம் இருந்தால் சேரலாம் என்ற அளவில்தான் அது நிற்கிறது. ஏரியில் எவ்வளவு நஞ்சு என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஒரு சமூகம், மேலே வயலில் எவ்வளவு உரம் என்பதில் கைவைக்கத் தயங்குகிறது. என் பார்வையில் ஈரியின் இரண்டாவது நோய்க்கு மருந்து கிடைக்காததன் காரணம் இந்தத் தயக்கம்தான்.

தயங்காதவர்களும் இருந்தார்கள். சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1955-இல் ஒரு நீலப்பச்சைப் பாசி இனத்தைக் கண்டார்கள். எட்மன்ட்சன் என்ற விலங்கியல் பேராசிரியர் அதைக் கெட்ட சகுனமாகப் படித்தார்; சுற்றியிருந்த ஊர்கள் சுத்திகரித்துவிட்டதாகச் சொல்லி ஏரியில் விட்ட கழிவுநீரில் பாஸ்பரஸ் அப்படியே இருந்தது. ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரே கழிவுநீர் அமைப்பை உருவாக்கும் யோசனை 1958 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் திரும்ப வைத்தார்கள், மக்கள் நிறைவேற்றினார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீரை ஏரியிலிருந்து முழுதாகத் திருப்பிவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. எந்த மருந்தும் தெளிக்காமல், உள்ளே வருவதை நிறுத்தியதால் மட்டும் தெளிந்தது.

ஒன்றும் இல்லை என்பதும் தகவல்தான்

மக்கள் கண்காணிப்பு எப்படி நடக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது வெர்மான்ட் மாநிலத்து சாம்ப்ளைன் ஏரியை. 1999-இல் அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் செத்துப்போனதில் ஊர் விழித்துக்கொண்டது. சாம்ப்ளைன் ஏரிக் குழு என்ற மக்கள் அமைப்பு கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பல ஆண்டுகளாகக் கோடைதோறும் இந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். தெளிவு, எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை என்று மூன்று படிகளில் ஒன்றைக் குறித்துப் படத்தோடு அனுப்ப வேண்டும். அது சரிபார்க்கப்பட்டு மாநில சுகாதாரத் துறையின் வரைபடத்தில் ஏறும். யாரும் பார்க்கலாம், குளிக்கப் போகுமுன் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பாசி இல்லாத வாரத்திலும் அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்பதுதான் இதன் உயிர். புகார் மட்டும் சேர்த்தால் கிடைப்பது புகார்ப் பட்டியல். தெளிந்த நாளையும் சேர்த்து எழுதினால்தான் பச்சை எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நின்றது, எந்தக் காற்றுக்கு எங்கே ஒதுங்கியது, முந்தைய ஆண்டைவிட முன்னால் வந்ததா என்பது தெரியும். மேட்டூரில் யார் கழிவால் பச்சை வருகிறது, மேலே இருக்கும் நகரங்களாலா, ஆலைகளாலா, தண்ணீர் வற்றும்போது நீர்த்தேக்கப் படுகையில் நடக்கும் சாகுபடியாலா என்று ஆண்டுதோறும் வாய்ச்சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையை முடிக்கத் தேவையானது இப்படித் தொடர்ந்து எழுதப்பட்ட நோட்டும், கூடவே எடுத்த பாஸ்பரஸ் அளவும்தான்.

செயற்கைக்கோள் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்கலாம். செயற்கைக்கோள் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஏரிகளில் பாசியை அளக்க அதிகம் பயன்படும் சென்டினல்-3-இன் ஒரு புள்ளி தரையில் 300 மீட்டர். நம் கண்மாய்கள் பலவும் அதற்குள் அடங்கிவிடும். மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. படித்துறையில் ஒதுங்கிய பத்தடி ஏடு அதில் விழவே விழாது; குழந்தை இறங்குவது அந்தப் பத்தடியில்தான்.

கடலிலும் இதே கதை

1981-இல் கல்பாக்கம் பக்கத்து வாயலூரில் மட்டி தின்றவர்கள் உதடு மரத்து, கைகால் இழுத்து விழுந்தார்கள். 80-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். நஞ்சு சுரக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்ற மட்டியின் சதையில் அந்த நஞ்சு சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் இது நடந்தது என்பதே இன்று பலருக்கு நினைவில்லை. கழிமுகங்களில் மட்டி பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரும் வழி ஒன்று இருக்க வேண்டும் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஊரே இரவில் போய் வேடிக்கை பார்த்தது. நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஒளி அது. அடுத்த மாதம் அதே உயிரி மன்னார் வளைகுடாவில் பச்சையாகப் பெருகியது. பாம்பன், மண்டபம் மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அவர்களுக்குப் புதிதல்ல; 2008-லும் இதே கடலில் இப்படிப் படர்ந்து மீன்கள் செத்திருக்கின்றன. இந்த உயிரிக்கு மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சு இல்லை. அளவுகடந்து பெருகி மடியும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். 2019-இல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பார்த்தபோது ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. பாறையை அண்டி வாழும் மீன்கள் கரை ஒதுங்கின. ஓடிப் பிழைக்க முடியாத பவளங்கள் நின்ற இடத்திலேயே வெளுத்துச் செத்தன. 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா இது, 1986-லிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஆற்றிலும் காற்றிலும் வருகிற சத்துகளை எந்தச் சட்டமும் வேலிபோட்டு நிறுத்தவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம், இன்காய்ஸ், 2021-இல் பாசிப் பெருக்கத் தகவல் சேவையைத் தொடங்கியது. அது தனிக் கவனம் வைத்திருக்கும் கடற்பகுதிகளில் மன்னார் வளைகுடாவும் ஒன்று. இதே மையம்தான் மீன் கிடைக்கும் பகுதிகளை மீனவர்களுக்குத் தினமும் அறிவிக்கிறது. இறங்குதளங்களில் பலகை இருக்கிறது, கைபேசியில் செய்தி போகிறது. அந்த வழியில் செய்தி ஒரு பக்கமாகவே ஓடுகிறது. கச்சான் ஓய்ந்து வாடை தொடங்குமுன் கடல் அடங்கியிருக்கும் நாட்களில், பச்சையை முதலில் பார்க்கிற மீனவர் அதே கைபேசியில் இடத்தையும் படத்தையும் திருப்பி அனுப்ப முடிந்தால், அதை வாங்கிச் சரிபார்த்து மறுநாளே பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால், புதுக் கருவி எதுவும் வாங்காமலேயே இந்தக் கரைக்குப் பல ஆயிரம் கண்கள் கிடைத்துவிடும்.

கையிலிருப்பதை வைத்தே

ஊர் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. ஒரு கோலை எடுத்து ஏட்டுக்குள் விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி. பெயின்ட்டில் முக்கியதுபோலப் பூசிக்கொண்டு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அடுத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசித் தண்ணீர் எடுத்து மூடி, வெளியே துடைத்து, சாப்பாட்டுப் பொருள் இல்லாத குளிர்பெட்டியில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சையெல்லாம் மேலே திரண்டு மிதந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் உடலுக்குள் காற்றுப் பைகள் உண்டு, அவைதான் அதை மேலே தூக்குகின்றன. அடியில் படிந்தால் வேறு இனம். இந்தச் சோதனை நஞ்சு இருக்கிறதா என்று சொல்லாது. ஆய்வகத்துக்கு மாதிரி உடனே போக வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

தண்ணீரின் தெளிவை அளக்க 1865-இல் ஆஞ்சலோ சேக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்த வட்டத்தட்டை இன்றும் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு, நான்கு காலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியது. ஊர்ப் பட்டறையில் ஒரு தகரத்தை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் கனத்துக்கு ஒரு நட்டைக் கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கயிறு கோத்தால் தட்டு தயார். நிழல் பக்கமாக நின்று இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். மெல்லத் தூக்கி மறுபடி தெரியும் இடத்திலும் எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ளதே அன்றைய அளவு. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இதைச் செய்யலாம். வாராவாரம் எழுதி வைத்தால், ஏடு கட்டுவதற்கு முன்பே தெளிவு குறைந்துகொண்டு வருவது அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

தடுப்பு வேலை தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி.யை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து அளவாகப் போடுவது, கனமழை அறிவித்த நாளுக்கு முன்னால் உரம் போடாமல் இருப்பது, வரத்துக்கால் ஓரத்தில் சில அடி அகலத்துக்குப் புல்லும் கோரையும் விட்டு வைப்பது, ஊர்ச் சாக்கடையைக் கண்மாயில் விடாமல் திருப்புவது. கடைசி வேலை பஞ்சாயத்தின் கையில். அது நடக்காமல் விவசாயியை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பாஸ்பரஸ் ஆவியாகிப் போகிற பொருள் அல்ல. உள்ளே வந்தது சேற்றில் உட்கார்ந்துகொண்டு கோடைதோறும் மேலே வரும். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்தால் நாற்றம் குறையலாம். வரத்துக்காலில் சத்து வருவதை நிறுத்தாமல் அதை மட்டும் நம்பினால் ஆண்டுதோறும் தெளித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இதற்கான ஒழுங்கு நம்மிடம் இல்லாமல் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இன்றும் குடிநீர் ஊருணியில் செருப்போடு இறங்கமாட்டார்கள். அங்கே குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. காவலுக்கு ஆள் போட்டு, வீட்டுக்கு வீடு வரி வைத்து அவருக்குச் சம்பளம் கொடுத்த ஊர்கள் உண்டு. கண்மாய்க்கு நீர்க்கட்டியோ மடையரோ இருந்து தண்ணீரின் ஒவ்வொரு அடியையும் கணக்கு வைத்தார்கள். அந்த வேலையில் தண்ணீரின் அளவோடு நிறத்தையும் சேர்த்துக்கொள்வதுதான் இப்போது வேண்டியது. அதற்கு ஒரு சிறு ஊதியமும் வேண்டும். தன்னார்வம் என்ற பேரில் ஏழையின் காலை நேரத்தை இலவசமாக வாங்குவது நியாயமாகாது.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. கோடைக்கு முன் வரும் நாள் என்பதால் இதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அந்தக் கூட்டத்தில் எந்தக் குளம், எந்த இடம், யார் பார்ப்பது, எந்தக் கிழமை என்று பேர் சொல்லித் தீர்மானம் எழுதலாம். பச்சை கண்டால் மறுநாளுக்குள் மாதிரி எடுக்க வேண்டிய அதிகாரி யார், முடிவு வரும்வரை மாற்றுக் குடிநீர் எங்கிருந்து வரும், கால்நடைகளைத் தடுக்கத் தண்டோரா போடுவது யார் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். பண்ணவாடியிலும் கோட்டையூரிலும் பாம்பனிலும் இந்த ஆண்டே இதைத் தொடங்கலாம். செலவு ஒரு நோட்டு, ஒரு தகரத் தட்டு, ஒரு கண்ணாடி ஜாடி, ஒருவருக்கு வாரக் கூலி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அந்த நோட்டை வாங்கிப் படிக்க ஓர் ஆளை நியமிப்பது மட்டும்தான் அரசு புதிதாகச் செய்ய வேண்டிய வேலை.